வெயிலூரில் முயலுக்கு ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, மகளின் பிறந்தநாளுக்காக இரண்டு வெள்ளை முயல் குட்டிகள் வாங்கினோம். விற்றவர் இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட கம்பிக் கூண்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் அடியிலும் கம்பி வலைதான். மாடிப்படிக்குக் கீழே வைப்பதா, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு வைப்பதா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகி ஒருவர், சத்துவாச்சாரி

பதில்: அம்மா, மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். முயலுக்கு நம்மைப் போல வியர்ப்பதில்லை; தன் உடல் வெப்பத்தின் பெரும்பகுதியை அது காதுகளில் ஓடும் ரத்தக் குழாய்களின் வழியாகவே வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் என்பதால், அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்க் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது அந்தக் காதுகளால் ஒரு பயனும் இல்லாமல் போகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும் உயிரைத் தகரத்தின் கீழே அடைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். பல ஆண்டுகளுக்கு முன் நானே தகரக் கூரையின் கீழ் வளர்த்து, ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் ஒரு முயலைப் பறிகொடுத்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாடிப்படியின் அடி நல்ல இடமாக இருக்கலாம். ஆனால் முடிவு செய்யுமுன் இரவு எட்டு மணிக்கு அங்குள்ள சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்போதும் சூடு தெரிந்தால் அது மேற்கு வெயிலைக் குடித்த சுவர். அந்த இடம் ஆகாது. சுவர் குளிர்ந்திருந்து, இரண்டு பக்கமாவது காற்று புகுந்து வெளியேறினால் போதும். வண்டிகளின் புகை அங்கே தேங்கக்கூடாது.

கூண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அடியில் கம்பி வலை வைத்த கூண்டு, புழுக்கை தானே கீழே விழட்டும் என்று இறைச்சிப் பண்ணைகளுக்காகச் செய்யப்படுவது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தைப் பாதம் முயலுக்குக் கிடையாது. வெறும் ரோமம்தான் அதன் செருப்பு. குட்டியை மடியில் வைத்துப் பின்னங்காலின் அடிப்பகுதியை விலக்கிப் பாருங்கள். குதிகாலருகே ரோமம் தேய்ந்து இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தால், புண் வரும் வழியில் இருக்கிறது என்று பொருள். உடனே வலையின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையும் கால்களை வழுக்கும். அங்கே கோணிச் சாக்கு விரிக்கலாம். சிறுநீரில் நனைந்ததை அன்றன்றே மாற்றுங்கள். அதிலிருந்து எழும் அம்மோனியா நம் மூக்கை எரிப்பதற்கு முன்பே தரையோடு கிடக்கும் முயலின் நுரையீரலைக் கெடுக்கும்.

அளவிலும் அந்தக் கூண்டு போதாது. கையளவு வாங்கிய வெள்ளைக் குட்டி, கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நியூசிலாந்து வெள்ளை இனமாக இருந்தால், நான்கு கிலோவுக்கும் மேல் வளரும். இரண்டு முயல்களுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் மூன்றடி உயரமும் வேண்டும் என்பது பிரிட்டனின் முயல் நல அமைப்புகள் சொல்லும் அளவு. நம் வீடுகளில் அது எளிதன்று என்பதை அறிவேன். கூண்டை உறங்குமிடமாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் கதவைத் திறந்துவிட்டு, சுற்றி வேலி கட்டிய ஒரு பகுதியில் காலையும் மாலையும் ஓடவிடுங்கள். அந்த வேளைகளில்தான் அவை மிகவும் சுறுசுறுப்பாக இருக்கும். மின்கம்பிகளை அவற்றின் வாய்க்கு எட்டாமல் மறைத்துவிடுங்கள். வேலிக்குக் கோழி வலை வேண்டாம், நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கேட்டு வாங்கினால் கீரியும் பெருச்சாளியும் நுழையா.

இரண்டும் ஆணா, பெண்ணா என்று கால்நடை மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சினைக்காலம் வெறும் 31 நாள். ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகும். எவ்வளவு பெரிய கூடும் அப்போது சிறியதாகிவிடும்.

கேள்வி: கோடையில் முயல் கூண்டுக்கு எதிரே மின்விசிறி வைத்தால் போதுமா? ஈரச் சாக்குப் போடலாமா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: வியர்க்காத உடலின் மேல் விசிறிக் காற்று வீசுவதால் பெரிய குளிர்ச்சி கிடைக்காது. ஈரச் சாக்கைக் கூண்டின் ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்து வையுங்கள். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே புழுக்கம் ஏறி, நிலைமை மோசமாகும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டுக்குள் கிடத்துங்கள். முயல் தானே வந்து அதன்மேல் சாய்ந்து படுப்பதைப் பார்ப்பீர்கள். குடிநீரைக் கனமான மண் சட்டியில் வைத்தால் கவிழாது.

நண்பகலில் அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகினாலோ, காதுகள் கொதித்தாலோ, குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பனிக்கட்டி நீரில் முக்கிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே அது இறந்துவிடக்கூடும்.