சான் ஜெர்மன் தெ ப்ரே கோயில் பத்தி கேட்டதுக்கெல்லாம் பதில்

பாரிஸ்ல இருக்கிற சான் ஜெர்மன் தெ ப்ரே மடத்துக் கோயில் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நெறைய கேள்வி வந்திருச்சு, வரிசையா போறேன்.

அண்ணா, யார் கட்டினது? பேருக்கு என்ன அர்த்தம்?

பிராங்க் மக்களோட ராஜா க்ளோவிஸோட மகன் சில்டபெர்ட் ராஜா கட்டினது. ஸ்பெயின்ல சரகோசாவ முற்றுகை போட்டப்ப புனித வின்சென்ட்டோட அங்கிய வாங்கிட்டு வந்தார்னும் அத வைக்கத்தான் இந்தக் கோயில்னும் சொல்லுவாங்க. 558ல பாரிஸ் ஆயர் ஜெர்மன்ங்கிறவர் இத அர்ச்சிச்சார், ராஜா செத்ததும் அதே வருஷம்தான். 576ல ஜெர்மனையும் இங்கயே அடக்கம் பண்ண, போகப்போக அவர் பேரே கோயிலுக்கு நின்னுடுச்சு. ப்ரேன்னா புல்வெளி, அப்ப இது ஊருக்கு வெளிய.

ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, லூவ்ர் அரண்மனைக்கு எதிர்ல இருக்கிற சான் ஜெர்மன் லொக்ஸெருவா வேற கோயில், வேற புனிதர்.

1572 படுகொலைக்கு மணி அடிச்சது இங்கதானே?

புராட்டஸ்டண்ட்காரங்கள கொன்ன படுகொலைதானே? இல்ல, அந்த மணி லூவ்ருக்கு எதிர்ல இருக்கிற கோயில்ல. இப்பதான் சொன்னேன்.

இதான் பாரிஸ்லயே பழைய கோயிலா? 1,500 வருஷக் கட்டடமா?

மடம் பழசு, கட்டடம் அவ்வளவு இல்ல. 845லேர்ந்து வைக்கிங்குங்கன்னு வடக்கத்திக் கடல் கொள்ளைக்காரங்க திரும்பத் திரும்ப வந்து கொள்ளையடிச்சு எரிச்சாங்க, 885-86ல பாரிஸ அவங்க முற்றுகை போட்டத அப்போ (Abbo)ங்கிற இந்த மடத்துத் துறவி லத்தீன்ல கவிதையாவே எழுதி வச்சிருக்கார். 1000 வாக்குல மடாதிபதி மொரார் புதுசா கட்ட ஆரம்பிச்சார், வாசல் கோபுரம் அந்தக் காலத்தோடது. பீடப்பகுதி 12ஆம் நூற்றாண்டு, 1163ல போப் மூன்றாம் அலெக்சாண்டரே வந்து அர்ச்சிச்சார்.

தப்பு சார். கோபுரம் சில்டபெர்ட் கட்டினதுதான், கைடு சொன்னார்.

தம்பி, கைடு சொன்னாலும் அது மொரார் காலம்தான். சில்டபெர்ட் கட்டினதுல மிச்சம் பாக்கணுமா, பீடப்பகுதிக்குள்ள போய் அண்ணாந்து பாருங்க, நடு அடுக்குல சின்னச் சின்ன பளிங்குத் தூண் நிக்கும். பழைய கோயில் தூணுங்கள தூக்கிப் போடாம 12ஆம் நூற்றாண்டுக் கொத்தனாருங்க புதுச் சுவர்ல சொருகி வச்சிட்டாங்க. எனக்கு அந்தக் கோயில்லயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான், ஆனா முக்காவாசி பேர் தலையத் தூக்காமலே போயிடறாங்க.

அப்ப தூண் 6ஆம் நூற்றாண்டுன்னா கோயிலும் அதானே?

இல்லப்பா. பழைய கதவ எடுத்து புது வீட்டுக்கு மாட்டினா வீடு பழசாகிடுமா?

இதான் பாரிஸ்லயே பழைய கோயிலா?

மேல பாருங்க.

மடத்துல நூலகம் இருந்துச்சாமே?

நல்ல கேள்வி. 17ஆம் நூற்றாண்டுல பெனடிக்ட் சபையோட ஒரு பிரிவான மோரிஸ்ட் துறவிங்க இங்க இருந்துதான் வேலை பாத்தாங்க. பழைய பத்திரம் நிஜமா போலியான்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு அவங்கள்ல ஒருத்தரான மாபியோன் 1681ல புத்தகமே போட்டார், சாசனம் படிக்கிற யாருக்கும் அதுதான் அடிப்படை. அதவிட பொக்கிஷம் மடாதிபதி இர்மினோன் காலத்துல, 820கள்ல, எழுதின மடத்து நிலக் கணக்கு. எந்த நிலத்துல யார், பொண்டாட்டி பேரு, புள்ளைங்க பேரு, வருஷத்துக்கு 3 கோழி 15 முட்டை கொடுக்கணும்னு வரைக்கும் இருக்கு. 1,200 வருஷம் முன்னாடி வாழ்ந்த குடியானவன் வீட்டுப் புள்ளை பேரு நமக்குத் தெரியுதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்!

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துல மடத்துல வெடிமருந்துக்கான வெடியுப்பு செஞ்சாங்க, 1794 ஆகஸ்ட்ல அது வெடிச்சு நூலகத்துலயும் தீ புடிச்சது. கையெழுத்துப் பிரதிங்க பெரும்பாலும் தப்பிச்சு தேசிய நூலகத்துக்குப் போச்சு, அந்தக் கணக்கும் அங்கதான் இருக்கு.

டெகார்த் கல்லறை இங்கதானா?

தத்துவஞானி டெகார்த்தோட உடம்பு இங்க, 1819ல கொண்டு வந்தது. மண்டை ஓடுன்னு சொல்றது மனித அருங்காட்சியகத்துல.

ராஜாக்கள் கல்லறை?

பாரிஸுக்கு வடக்க இருக்கிற சான் தெனி கோயிலுக்குப் போங்க. சில்டபெர்ட் சிலை, ஃப்ரெடெகுந்த் ராணி கல் ரெண்டும் அங்கதான். ராணி கல்ல நின்னு பாருங்க, பொடிக்கல் பதிச்சு உடையெல்லாம் செஞ்சிருக்கு, முகம் மட்டும் வெறுமையா இருக்கும்.

அண்ணை, லாச்சப்பலில இருந்து எப்பிடிப் போறது?

கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் நடந்து 4ஆம் நம்பர் மெட்ரோ புடிங்க, சான் ஜெர்மன் தெ ப்ரே ஸ்டேஷன்ல எறங்கி மேல வந்தா எதிர்லயே கோபுரம். லூவ்ர் பக்கம் எறங்கிடாதீங்க, அது வேற ஜெர்மன்.