இரண்டுங்கெட்டான் சீட்டும் பத்து பிளைண்டும்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன் சார், ஐ.டி. வேலை. சனிக்கிழமைகளில் நண்பர்கள் வீட்டில் காசு வைக்காமல், சிப்ஸ் (பந்தய வில்லைகள்) மட்டும் வைத்து டோர்னமென்ட் முறையில் போக்கர் ஆடுகிறோம். அடுத்த மாதம் கோவா போய் ஒரு டோர்னமென்ட் ஆட ஆசை. என் ஸ்டாக் (கையிலிருக்கும் சிப்ஸ்) பத்து பிக் பிளைண்டுக்கு (சீட்டுப் போடுமுன் இருவர் கட்டாயமாகக் கட்டுவதில் பெரிய தொகை) வந்துவிட்டால் கிங்-9, ஏஸ்-4, ஜாக்-10 மாதிரி சீட்டுகளை என்ன செய்வது என்றே தெரிவதில்லை. ரெய்ஸ் பண்ணிவிட்டு (தொகையை உயர்த்திவிட்டு), எதிரில் யாராவது ஆல்-இன் (கையிலிருக்கும் அத்தனை சிப்ஸும்) போட்டால் ஃபோல்டு செய்கிறேன் (சீட்டை விட்டுவிடுகிறேன்). இல்லையென்றால் நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே கரைந்துபோகிறேன். எப்படி ஆட வேண்டும்?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு பழக்கங்களில் காத்திருப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்மால் பிளைண்டு 500, பிக் பிளைண்டு 1,000, பிக் பிளைண்டு போடுபவர் ஆன்டியாக (டேபிளுக்கே சேர்த்துக் கட்டும் கூடுதல் தொகை) இன்னொரு 1,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நேரடி டோர்னமென்ட்களில் பெரும்பாலும் இந்த முறைதான். ஒரு சுற்றுக்கு உங்களுக்கு 2,500 செலவு. கையில் 10,000 என்றால் நாலே சுற்று. நீங்கள் எதிர்பார்க்கும் 'நல்ல சீட்டு' என்பது 10-10 முதல் ஏஸ்-ஏஸ் வரையிலான ஜோடிகளும் ஏஸ்-கிங்கும்தானே? இரண்டு சீட்டு சேரும் 1,326 விதங்களில் அவை 46 மட்டுமே. சராசரியாக 29 முறை சீட்டுப் போட்டால் ஒரு தடவை வரும். ஒன்பது பேர் உட்கார்ந்த டேபிளில் 29 முறை என்பது மூன்று சுற்றுக்கும் மேல், அதற்குள் 8,000 வரை போயிருக்கும். பிளைண்டும் ஏறியிருக்கும். அப்புறம் ஏஸ்-ஏஸே வந்தாலும் இரட்டிப்பாக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆகவே இரண்டுங்கெட்டான் சீட்டுகளை ஆடித்தான் ஆக வேண்டும். ஆனால் அவற்றால் ஜெயிப்பது பெரும்பாலும் சீட்டைத் திறந்து காட்டி அல்ல, மற்றவர்களை ஃபோல்டு செய்ய வைத்து. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

உங்கள் கிங்-9ஐயே எடுத்துக்கொள்வோம். நீங்கள் பட்டனில் (பிளைண்டு போட்ட இருவருக்கும் சற்று முன் ஆடும் இடம்), கையில் 10,000. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஃபோல்டு. நடுவில் 2,500 கிடக்கிறது. ஆல்-இன் போடுகிறீர்கள். பிளைண்டில் இருக்கும் இருவரும் ஃபோல்டு செய்தால் ஒரு சீட்டும் திறக்காமல் ஸ்டாக் 12,500 ஆகிவிடும். பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்தால் (ஈடாகப் போட்டால்) பாட், அதாவது நடுவில் சேரும் மொத்தம், 21,500. கால் செய்பவரிடம் உங்களைவிட நல்ல சீட்டுதான் இருக்கும், ஆகவே நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 35 சதவீதம்தான் என்று குறைத்தே போடுங்கள். 21,500-ல் 35 சதவீதம் 7,525. போட்டது 10,000. நஷ்டம் சராசரியாக 2,475. இருவரும் ஃபோல்டு செய்தால் 2,500 லாபம், யாராவது கால் செய்தால் ஏறக்குறைய அதே அளவு நஷ்டம். அதாவது இரண்டுக்கு ஒரு தடவை அவர்கள் ஒதுங்கினாலே கணக்கு சரியாகிவிடும். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு சீட்டுகளோடு மட்டும் கால் செய்பவர்கள் என்றால் நூற்றில் 64 முறை இருவருமே ஒதுங்குவார்கள். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு ஆல்-இன்னும் சராசரியாக 700 சிப்ஸ் கொண்டுவருகிறது, அதுவும் பார்க்க ஒன்றுமில்லாத ஒரு கிங்-9ஐ வைத்து.

இதே கிங்-9ஐ இடம் மாற்றிப் பாருங்கள். நீங்கள் பிக் பிளைண்டில். டேபிளின் முதல் இடத்திலிருந்து ஒருவர் 8,000 ஆல்-இன். நீங்கள் இன்னும் 7,000 போட்டால் மொத்தம் 17,500, அதனால் 40 சதவீதமாவது ஜெயிக்க வேண்டும். முன் இடத்திலிருந்து ஆல்-இன் போடுபவரிடம் ஜோடியோ பெரிய ஏஸோ இருக்கும். அவற்றுக்கு எதிராகக் கிங்-9 மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே கஷ்டம். அவரை ஃபோல்டு செய்ய வைக்கவும் வழியில்லை, அவர்தான் முழுசாகப் போட்டுவிட்டாரே. மறுயோசனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். முதலில் ஆல்-இன் போட அகலமாகவும் (நிறைய சீட்டுகளோடு), கால் செய்ய இறுக்கமாகவும் (நல்ல சீட்டுகளோடு மட்டும்) இருங்கள்.

எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் அவ்வளவு முக்கியம். ஒருவர் கையில் ஜோடி விழும் வாய்ப்பு 17-ல் 1. உங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் என்றால், ஒருவரிடமாவது ஜோடி இருக்கும் வாய்ப்பு 11 சதவீதம். எட்டுப் பேர் என்றால் 38. அதனால்தான் பட்டனில் சரியாக இருக்கும் கிங்-9ஐ முதல் இடத்தில் தொடக்கூடாது என்கிறேன்.

ஏஸ்-4ம் ஜாக்-10ம் வேறு வேறு குணம். ஏஸ் உங்கள் கையில் இருப்பதால் மற்றவர்களுக்குப் பெரிய சீட்டு வரும் வழி குறைகிறது: ஏஸ்-ஏஸ் சேரும் ஆறு விதங்கள் மூன்றாகின்றன, ஏஸ்-கிங்கின் 16 விதங்கள் 12 ஆகின்றன. ஆகவே ஏஸ்-4 ஃபோல்டு செய்ய வைப்பதற்கு நல்லது, கால் வந்தால் மோசம். எதிரில் ஏஸ்-கிங் இருந்தால் பத்துக்கு மூன்று முறைகூட ஜெயிக்காது. சூட்டட் (இரண்டும் ஒரே இனம்) ஜாக்-10க்கு எதிரில் அதே ஏஸ்-கிங் வந்தாலும் பத்துக்கு ஏறக்குறைய நாலு முறை ஜெயித்துவிடும். எனவே கால் வரக்கூடிய டேபிளில் ஜாக்-10, பயந்தவர்கள் பிளைண்டில் இருக்கும்போது ஏஸ்-4 என்று பிரித்துக்கொள்வேன்.

ரெய்ஸ் செய்துவிட்டு ஃபோல்டு செய்யும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2,000 போட்டுவிட்டு விட்டால் ஸ்டாக்கில் ஐந்தில் ஒரு பங்கு காலி. பத்து பிளைண்டில் இந்த மாதிரி சீட்டுகளோடு ஆல்-இன் அல்லது ஃபோல்டு, அவ்வளவுதான்.

சிப்ஸை நகர்த்துவதற்கு முன் பிளைண்டில் இருக்கும் இருவரின் ஸ்டாக்கையும் பாருங்கள். கோவாவில் பதற்றத்தில் பலர் தங்கள் சீட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிக் பிளைண்டு போட்டபின் ஒருவரிடம் 2,000தான் மிச்சம் என்றால் அவர் எதை வைத்தும் கால் செய்வார். மலைபோல் குவித்து வைத்திருப்பவருக்கு உங்கள் 10,000 ஒரு பொருட்டே இல்லை. 20,000, 25,000 வைத்திருப்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர், உங்களிடம் தோற்றால் அவர் பாடு திண்டாட்டமாகிவிடும். உங்கள் ஸ்டாக் மூன்று பிளைண்டுக்கு இறங்கிவிட்டால் இந்த ஆயுதமும் போய்விடும். 3,000க்கு ஆல்-இன் போட்டால் பிக் பிளைண்டுக்கு 27 சதவீத வாய்ப்பு போதும், எந்த இரண்டு சீட்டுக்கும் அது ஏறக்குறைய கிடைத்துவிடும். ஆறுக்குக் கீழே இறங்கும்வரை பொறுக்காதீர்கள்.

பரிசுக்கு ஒருவர் மட்டும் வெளியேற வேண்டிய கட்டத்தில் கணக்கு மாறும். அங்கே இழக்கும் சிப்ஸின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்ஸைவிட அதிகம். ஆகவே கால் செய்வதை இன்னும் இறுக்குங்கள். உங்களைவிடச் சின்ன ஸ்டாக் ஒன்று அடுத்த சுற்றில் பிளைண்டில் மாட்டப்போகிறது என்றால் கிங்-9ஐ விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பெரிய டோர்னமென்ட்டுக்குப் பத்து நுழைவு இடங்களைப் பரிசாகத் தரும் சாட்டிலைட்டில் (தகுதி ஆட்டத்தில்) பதினோரு பேர் இருக்கும்போது ஏஸ்-ஏஸையே ஃபோல்டு செய்வது சரியாகும் நேரமும் உண்டு.

பயிற்சிக்கு ஆன்லைனில் காசு கட்டி ஆடலாமா என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை நீக்கியது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. உங்கள் சனிக்கிழமை ஆட்டமே போதும். எல்லாருக்கும் பத்து பிளைண்டு கொடுத்துத் தொடங்குங்கள், ஒரு மணி நேரம் ஆல்-இன் அல்லது ஃபோல்டு மட்டும். ஒவ்வொரு ஆல்-இன்னுக்கும் பின் நடுவில் எவ்வளவு இருந்தது, பின்னால் எத்தனை பேர் என்று ஒருவர் குறித்து வைக்கட்டும். கோவாவுக்கு, திரும்பி வராது என்று மனதார எழுதிவைத்த பணத்தை மட்டும் எடுத்துப் போங்கள், டோர்னமென்ட்டில் பெரும்பாலானவர்கள் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்ததும், உங்கள் முறை வரும்போது வாயைத் திறந்து 'ஆல்-இன்' என்று சொல்லிவிட்டு அப்புறம் சிப்ஸை நகர்த்துங்கள். பேசாமல் இரண்டு தவணையாகத் தள்ளினால் டீலர் முதல் தவணையை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்.