எருக்குழியில் மருந்து தேடலாமா? கேள்விகளும் பதில்களும்

மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்கிறது. அந்தச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும், அண்ணே? (மேலூர் விவசாயி)

பிழைப்பது என்ன, அந்தச் சூட்டைக் கிளப்புவதே கிருமிகள்தான். சாணமும் வைக்கோலும் மக்கும்போது குவியலின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தொடும். 45 டிகிரியைத் தாண்டினாலே சாதாரணக் கிருமிகள் ஒதுங்கிவிடும், சூடு விரும்பிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சாம்பல் தூவினாற்போல ஒரு வெள்ளைப் பூப்பு தெரிகிறதே, அதில் ஆக்டினோமைசீட் வகை நிறைய உண்டு. இழையிழையாக வளரும் மண் பாக்டீரியா இவை; பல ஆன்ட்டிபயாடிக்குகள் இவற்றிலிருந்துதான் வந்தன, அதனால்தான் இங்கே மருந்து தேடுகிறோம். கிளறும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அந்தச் சூடு விரும்பிகளை வளர்க்க 50 டிகிரியில் வைத்த அகர் தட்டு (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) மூன்றே நாளில் அப்பளமாகக் காய்ந்துவிட்டது, சார். (திருமங்கலம், முதுகலை மாணவி)

எல்லோருக்கும் நடப்பதுதான் அம்மா. தட்டுக்கு 30 மில்லி கணக்கில் தடிமனாக ஊற்றி, கவிழ்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். இன்குபேட்டருக்குள் (சூடு மாறாமல் வைக்கும் பெட்டி) ஒரு கிண்ணம் தண்ணீரும் இருக்கட்டும். இன்னொன்று: சூட்டைத் தாங்குவது வேறு, விரும்புவது வேறு. பாசில்லஸ் என்ற மண் பாக்டீரியாவின் வித்து கொதிநீரிலும் சாகாது, ஆனால் பல இனங்கள் வளர்வது 30, 37 டிகிரியில்தான். அதனால் ஒரே மண்ணை 30 டிகிரியிலும் 50 டிகிரியிலும் வளர்த்து ஒப்பிடுங்கள்.

சீழ் உண்டாக்கும் ஸ்டேபிலோகாக்கஸைப் பரப்பிய தட்டில், என் எருக்குழிக் கிருமியைச் சுற்றி எதுவும் வளராத தெளிவான வட்டம் விழுந்திருக்கிறது. புது ஆன்ட்டிபயாடிக்தானே? (அதே மாணவி)

அவசரப்படாதீர்கள். எனக்கும் முதலில் 18 மில்லிமீட்டர் வட்டம் விழுந்தது; அன்றைக்கே டீக்கடை வரை சேதி போய்விட்டது. பத்து லிட்டர் வளர்ப்புநீரை வடிகட்டி, எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானில் இழுத்து, ஆவியாக்கினால் குடுவையின் அடியில் ஆரஞ்சு நிறப் பிசின். கலவையைப் பிரிக்கும் சிலிக்கா பத்தியில் (பொடி நிரப்பிய குழாய்) மாதக்கணக்காகப் பிரித்தபின், மூலக்கூறை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் காட்டிய எடை 1255. ஆக்டினோமைசின்! மண் கிருமி ஆய்வாளர் வாக்ஸ்மனின் ஆய்வகம் 1940-லேயே கண்டுபிடித்த ஆரஞ்சு நிற ஆன்ட்டிபயாடிக். நிறத்தைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் பத்தியை நிரப்புமுன் கச்சாச் சாறிலேயே எடையையும் புற ஊதா நிறமாலையையும் எடுத்துத் தரவுத்தளத்தில் தேடுங்கள். பழசு என்றால் அன்றே விட்டுவிடலாம். எங்கும் பொருந்தவில்லை என்றால்தான் தூய்மையாக்கி, மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனைக்குப் போக வேண்டும். சாறு நனைத்த வட்டுத்தாளைத் தட்டில் வைத்துச் சோதிக்கும்போது, வெறும் கரைப்பான் நனைத்து உலர்த்திய வட்டுத்தாள் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். சில நேரம் வட்டம் போடுவது கரைப்பானே.

சூட்டில் வளர்ந்த கிருமியின் மருந்து கொதிக்கவைத்தாலும் கெடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. டிஎன்ஏவைப் பல மடங்காக நகலெடுக்கும் பிசிஆர் முறைக்கு உதவும் டாக் நொதி சூட்டைத் தாங்குகிறது, சரி. அது புரதம், வெந்நீர் ஊற்றில் வாழும் கிருமி தனக்காகச் செய்துகொண்டது. நாம் தேடும் மருந்து போன்ற சிறு மூலக்கூறு தாங்குமா என்பது அதனதன் கட்டமைப்பைப் பொறுத்தது. சோதித்துத்தான் சொல்லலாம்.

இதற்கும் நம்ம மதுரைக்கும் என்ன சம்பந்தம்? (உசிலம்பட்டி, கோழிப்பண்ணை)

உங்களுக்கே சம்பந்தம் உண்டு. 1842-ல் ஜான் கில் என்ற மருத்துவர் இங்கே பார்த்து எழுதிய கால் நோய்க்கு ‘மதுரா பாதம்’ என்று பெயர் வந்தது. அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றின் பேரினம் ஆக்டினோமதுரா. அதே பேரினத்து மண்வாசி ஒன்று தரும் மருந்துதான் மதுராமைசின். கோழிக்கு இரத்தக்கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் கலப்பார்கள்.

செங்கல் சூளை மண் எடுக்கலாமா?

எரியும் சூளைக்குள் எதுவும் உயிரோடிருக்காது. மேலூர்க்காரரைக் கேட்டு எருக்குழியில் ஒரு கரண்டி எடுங்கள்.