டிராப்டில் கைவைக்கச் சொன்னால்

அன்புள்ள ஐயா,

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். தொண்டு நிறுவனங்களின் திட்டங்களை மதிப்பிடும் ஏஜென்சி ஒன்றில் வேலை. கேரளத்தில் பழங்குடிகள் வாழும் மலைப்பகுதியான அட்டப்பாடியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்த்தோம். உள்ளே தள்ளியிருக்கும் சில ஊர்களுக்கு மாதக்கணக்கில் உணவுப் பொருள் போகவே இல்லை. எங்கள் ரிப்போர்ட்டின் டிராப்டைப் படித்த அந்த நிறுவனம், "அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், நிதி நின்றால் நஷ்டம் அங்குள்ள பெண்களுக்குத்தான்" என்கிறது. என் மேலாளரும் அதையே சொல்கிறார். என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்காதீர்கள். நிதி நின்றுவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பொருள் போய்ச் சேராத ஊருக்கு அந்த நிதியால் இப்போது என்ன கிடைக்கிறது? 2013இல் அங்கே பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. அப்படிப்பட்ட இடத்தில் 'உணவு வரவில்லை' என்பதை மறைத்து ஒரு ரிப்போர்ட் எழுதவே கூடாது.

மதிப்பீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் டிராப்டைப் பார்க்கலாம். தேதி தப்பு, ஊர்ப் பெயர் தப்பு என்றால் திருத்துங்கள். மழையில் ரோடு போய்விட்டது என்று விளக்கம் சொன்னால் அதை அவர்கள் பெயரிலேயே சேருங்கள். கண்டதை இல்லையென்று எழுதச் சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. அமெரிக்க மதிப்பீட்டாளர் சங்கம் 2018இல் திருத்தி வெளியிட்ட ஐந்து நெறிகளில் நேர்மையும் ஒன்று.

அதே பட்டியலில் மனிதர்களுக்கு மரியாதை என்பதும் இருக்கிறது. எனக்கு அதில்தான் கவலை அதிகம். அங்கன்வாடி டீச்சர் பக்கத்தில் நிற்கும்போது "சாப்பாடு ஒழுங்கா வருதா?" என்று ஓர் இருளர் பெண்ணிடம் கேட்டால் "வருது" என்றுதான் சொல்வாள். தனியாகக் கேட்டு உண்மையைச் சொன்னவளை அப்புறம் ரிப்போர்ட்டில் காட்டிக்கொடுத்துவிடவும் கூடாது. இருபது வீடு உள்ள ஊரில் 'கைக்குழந்தையோடு இருக்கும் விதவை' என்று எழுதினால் போதும், பெயரே வேண்டாம், யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரேஷனும் பட்டியலும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் தெரிந்துவிடும். உங்கள் டிராப்டை இந்தக் கண்ணோடு இன்னொரு தடவை படியுங்கள். எடுக்க வேண்டியது அந்த மாதிரி வரிகளைத்தான்.

நூறு நாள் வேலைக்கு 2005 சட்டத்திலேயே, ஊர் மக்களே வேலையையும் கணக்கையும் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை இருந்தது. தணிக்கைக்கு உதவுபவர் அதே பஞ்சாயத்துக்காரராக இருக்கக் கூடாது என்று அதற்கான 2011 விதிகள் சொல்லின. ஆந்திராவில் கண்டுபிடித்ததை அதிகாரிகளை உட்காரவைத்துக்கொண்டே ஜனங்கள் முன்னால் வாசித்தார்கள். உங்கள் மாதிரி தனியார் மதிப்பீட்டுக்கு அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு இல்லை. அதனால் அடுத்த முறை அட்வான்ஸ் வாங்குமுன்னே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: முடிவுகளை மாற்ற முடியாது, ஊர்க்கூட்டத்தில் அந்த ஊர் மக்களின் பாஷையிலேயே சொல்லப்படும்.

இப்போதைக்கு, மேலாளருக்கு உங்கள் மறுப்பை மெயிலில் அனுப்புங்கள். களத்துக்கு உங்களோடு வந்தவர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், தனி ஆளாக நிற்காதீர்கள். அதற்குப் பிறகும் அந்தப் பகுதியை எடுத்தார்கள் என்றால், ரிப்போர்ட்டிலிருந்து உங்கள் பெயரையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.