பஸ்ஸிலேயே நாள் போகிறது, உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 19. தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்தில் உள்ள கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரண்டாம் ஆண்டு. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். அம்மா வெள்ளனவே இறால் கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். அதனால் காலையில் நான் சாப்பிடுவதில்லை. பதினொரு மணிக்கு கேன்டீனில் டீயும் பப்ஸும், மதியம் எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா வைத்த சோறு. கல்லூரியில் சேர்ந்தபோது 52 கிலோ இருந்தேன், இப்போது 60. உயரம் 155 செ.மீ. மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. வாக்கிங் போகலாம் என்றால் தெருவில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் எடுக்க வேண்டும், அப்புறம் அசைன்மென்ட், தூங்கப் பன்னிரண்டரை ஆகிவிடும். தோழி ஒருத்தி எடை குறைக்க ஒரு பொடி சொன்னாள், வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக உடற்பயிற்சி செய்தால் போதுமா?
— பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: என் மகளுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா, தப்பாக நினைக்காதே.

முதலில் அந்த மூன்றாவது மாடியைப் பார்ப்போம். எடையை அப்புறம் பேசலாம். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கூடவே முடி கொட்டுகிறது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. குண்டாக இருப்பவர்களுக்கு ரத்தம் குறையாது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அது சரியில்லை. எடை கூடிக்கொண்டே ரத்தம் குறைந்துகொண்டே போகலாம், நீ சாப்பிடும் சாப்பாட்டில் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு, காசு கிடையாது. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது இரும்புச்சத்து மாத்திரைதான். பாதிப் பிள்ளைகள் அதை ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது தேவைப்பட்டால் எந்த அளவில், எத்தனை மாதம் என்பதை அங்குள்ள மருத்துவர் சொல்வார். நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே.

மாதவிடாய் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம். ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய அளவுக்குப் போகிறதென்றால் ரத்தம் குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறதென்றால், எடை கூடியதோடு சேர்த்துப் பார்க்கும்போது தைராய்டு பரிசோதனையும் கர்ப்பப்பை ஸ்கேனும் தேவைப்படும். இந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளாமல் ஓடு, குதி என்று நான் சொன்னால் அது நல்ல வைத்தியமில்லை.

சரி, எடை. உன் உயரத்துக்கும் எடைக்கும் உடல் நிறை குறியீடு 25 வருகிறது. இந்தியர்களுக்கு 23-லிருந்தே கூடுதல் எடை என்று கணக்கு. அதனால் 55 கிலோ பக்கத்தில் வந்தாலே உனக்குப் போதும். ஐந்து கிலோ. அதை ஆறேழு மாதத்தில் பையப் பைய இறக்கினால் போதும், திருவிழாவுக்குள் இறக்கியாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

உன் நாளை நான் இப்படிக் கணக்குப் போட்டேன். ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறாய். அடுத்து வாயில் ஏதாவது படுவது காலை பதினொரு மணிக்கு. பதிமூன்றரை மணி நேரம் வெறும் வயிறு! அதுவும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு. பதினொரு மணிக்கு வரும் பசிக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் யோசித்துச் சாப்பிடாது. டால்டாவும் மைதாவுமான பப்ஸ், மதியம் வெறும் சாதம், மாலையில் மறுபடி மைதா. ஒரு பரோட்டாவில் மட்டும் 250 முதல் 300 கலோரி இருக்கும், சால்னா எண்ணெய் தனி. இவ்வளவிலும் புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. 60 கிலோ உடம்புக்கு நாளுக்கு 50 கிராம் புரதமாவது வேண்டும். காலைச் சாப்பாட்டை விட்டதால் உன் எடை குறையவில்லை, எட்டு கிலோ கூடியிருக்கிறது. ஆகவே உடற்பயிற்சிக்கு நேரம் தேடுவதற்கு முன்னால் காலைச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் தேடு.

அம்மா வெள்ளனவே போய்விடுகிறார், சமைக்க ஆளில்லை என்கிறாய். சமைக்கவே வேண்டாம். ராத்திரிச் சோற்றில் இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வை. காலையில் அதில் மோர் விட்டு, நாலு சின்ன வெங்காயம், அடுப்பில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிய நேற்றைய மீன் குழம்பு. உங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் இதைத்தானே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்? குழம்பில் கிடக்கும் இரண்டு சூடை மீனும் உனக்குத்தான், அதை விட்டுவிட்டு வெறும் சோற்றைத் தின்னாதே. மீன் இல்லாத நாளில் இரண்டு முட்டையை அடுப்பில் போட்டுவிட்டுக் குளிக்கப் போ, வருவதற்குள் வெந்திருக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். பழைய சோறு பிடிக்காது என்றால் கேப்பைக் கூழ் இருக்கிறது, அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. எதுவுமே முடியாத நாளில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கை வறுத்த கடலையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் சாப்பிடு.

பஸ்ஸில் வாடை வரும், பக்கத்தில் உட்காருகிறவள் முகத்தைச் சுளிப்பாள் என்று உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மதியத்துக்கு மீன் கட்டிக்கொண்டு போவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அதற்காக உன்னோடு சண்டை போட மாட்டேன். மதியம் கேன்டீன் சாதத்தையே வாங்கு. வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் சுண்டலோ பயறோ அவித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துச் சாப்பிடு. ஒரு முட்டை கூடுதலாக வேகவைத்தாலும் சரி. மீனை ராத்திரிக்கு வைத்துக்கொள், பொரிக்காமல் குழம்பாக. சூடை, நெத்திலி மாதிரி சின்ன மீன்களில் நெஞ்சுக்கு நல்ல கொழுப்பு இருக்கிறது, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். விலையும் சீலாவைவிடக் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், அப்போது முட்டையும் பருப்பும் கைகொடுக்கும். கருவாடு தொட்டுக்கொள்ள மட்டும் போதும். நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டிய உடம்பு, கருவாட்டைக் கறி மாதிரி அள்ளிச் சாப்பிட்டால் தாங்காது.

டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே என்கிறேன். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். கருப்பட்டிக் காபி என்றால் சர்க்கரைக் கணக்கில் வராது என்று இந்தப் பக்கத்தில் பலரும் சொல்வார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவோடு போடு. நுங்கு, பனங்கிழங்கு காலத்தில் அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவுக்குப் பதில் அவித்த பனங்கிழங்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. பரோட்டா வாரம் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், என் வீட்டிலும் உண்டு.

இன்னொன்று, நீ எழுதாதது. கல்லூரிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறாயா? பஸ்ஸில் வந்து போகும் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்படித்தான். காலையில் ஒரு டம்ளர், மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு. இந்தக் கடற்கரை வெயிலில், இந்த வேர்வையில், அது போதவே போதாது. தலைவலி, களைப்பு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதிலிருந்து வரும். தாகத்தைப் பசி என்று நினைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. ஒரு லிட்டர் பாட்டிலை மதியத்துக்குள் காலி செய். கழிப்பறை சுத்தமாக இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

இப்போது உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரே மூச்சில் செய்தால்தான் கணக்கு என்பது இல்லை, துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம்.

ராமநாதபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லூரிக்கு எப்படிப் போகிறாய் என்று எழுதவில்லை. ஷேர் ஆட்டோ என்றுதான் நினைக்கிறேன். அதை விடு. பதினைந்து நிமிட நடைத் தூரம் என்று வைத்துக்கொண்டால் போக வர முப்பது, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 150 ஆகிவிட்டது. தூரம் அதிகமென்றால் பாதி வழியில் ஆட்டோவை விட்டு இறங்கு. புத்தகப் பையோடு கல்லூரிக்கு நடக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, உன் தெருவில் கேட்பதுபோல 'என்ன, இளைக்கப் போறியா?' என்று கேட்கவும் ஆளில்லை. மாலை நாலு மணி வெயிலுக்குக் குடை கட்டாயம். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற நாட்களில் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொள். மாடியை மட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நிதானமாக ஏறு.

தசைக்கான வேலை உன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தண்ணீர் எடுப்பதை ஒரு தொல்லையாகத்தான் எழுதியிருக்கிறாய், தொல்லைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ பக்கம் வரும். அதைத் தூக்கும் முறைதான் முக்கியம். இடுப்பை மடக்கிக் குனிந்து வெடுக்கென்று தூக்காதே. குடத்துக்குப் பக்கத்தில் கால்களைச் சற்று அகற்றி நின்று, முழங்காலை மடக்கி இறங்கு. குடத்தை உடம்போடு ஒட்டிப் பிடித்து, கால் பலத்தில் எழுந்திரு. பெண்கள் எல்லோரும் பழக்கத்தில் ஒரே இடுப்பில்தான் வைப்பார்கள், ஒரு பக்கமே வளைந்து வளைந்து நாற்பது வயதில் முதுகுவலி என்று வருவார்கள். நீ ஒரு குடம் இடது பக்கம், அடுத்தது வலது பக்கம் என்று மாற்று. வாரத்தில் இரண்டு நாள் அதோடு அறைக்குள்ளேயே பதினைந்து தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றிப் பத்து தண்டால், இரண்டு சுற்று. கதவைச் சாத்திக்கொண்டால் பத்து நிமிட வேலை. மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

ராத்திரி பன்னிரண்டரை வரை அசைன்மென்ட் என்கிறாய். அதில் எவ்வளவு நேரம் போனில் போகிறது என்று நான் கேட்கவில்லை, உனக்கே தெரியும். ஐந்து மணி நேரம் தூங்கி எழுகிறவர்களுக்கு மறுநாள் பசி கூடும், இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கேட்கும். வகுப்பில் எழுதி முடிக்கக்கூடியதை மதிய இடைவேளையிலேயே முடித்துவிட்டு, பதினோரு மணிக்குள் படு. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு இழுத்துவிட்டால் மற்றது தானாக முன்னால் வரும்.

பொடி வேண்டாம். எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. மூலிகை என்று சொல்லி விற்ற எடைக் குறைப்புப் பொடிகளில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றிவிடும் மருந்து, இந்தியாவில் 2011-லேயே நிறுத்தப்பட்டது. அந்தப் பொடியின் ஒரு மாத விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பார். தோழியிடமும் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாகச் செய்யலாமா என்று கேட்டாய். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஆறு நாள் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் ஓடினால் முழங்காலும் குதிகாலும் பிடித்துக்கொள்ளும், அடுத்த ஞாயிறு நீயே போக மாட்டாய். அதனால் வாரநாள் நடையை விடாமல், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைவரை நடந்துவிட்டு வா. அம்மாவோடு போகிற பெண்ணைத் தெருவில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே இறால் உரிக்கிறவருக்கும் கை காலை வீசி நடப்பது நல்லது. அவர் பிபி, சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் தெருவுக்கு வரும்போது இரண்டையும் பார்த்துவிடச் சொல்.