விளையாட்டு வீரர்கள் மது குடித்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள், கஞ்சா என்றால் மட்டும் ஏன் கொதிக்கிறார்கள்?

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வாங்கிய சில மாதங்களிலேயே குடித்துவிட்டுக் கார் ஓட்டி மேரிலாந்தில் போலீசிடம் மாட்டினார். வயது 19. அங்கே 21 ஆகாமல் குடிப்பதே குற்றம். யார் மேலாவது மோதியிருந்தால் ஒரு உயிர் போயிருக்கும். 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு, ஒரு மன்னிப்பு, அத்தோடு சரி. 2009-ல் அவர் கஞ்சாக் குழாயை வாயில் வைத்திருந்த புகைப்படம் வெளியானது. வழக்குகூடப் போடவில்லை. ஆனால் அமெரிக்க நீச்சல் சங்கம் மூன்று மாதம் தடை போட்டது, கெல்லாக்ஸ் நிறுவனம் அவருடைய விளம்பர ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. (2014-ல் மறுபடி குடித்துவிட்டு ஓட்டியபோது ஆறு மாதத் தடை. பத்து வருடம் தாமதமாகவாவது உறைத்ததே.)

விதியும் இப்படித்தான் இருக்கிறது. வில்வித்தை, கார் பந்தயம் போன்ற சிலவற்றில் மட்டும் தடை செய்யப்பட்டிருந்த மதுவை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2018-ல் பட்டியலை விட்டே எடுத்துவிட்டது. கஞ்சாவுக்குப் போட்டிக் காலத்தில் இன்றும் தடை. 2021-ல் அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சன், பெற்ற தாய் இறந்த துக்கத்தில் கஞ்சா எடுத்து, டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டரை இழந்தார். அந்த இரவு அவர் பீர் குடித்திருந்தால் ஓடியிருப்பார்.

பணமும் ஒரு காரணம். நம் ஐபிஎல்லில் ஒரு அணியின் பெயரே விஸ்கி பிராண்டிலிருந்து வந்ததுதானே? விளம்பரமாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது தப்பாகத் தெரியாது.

கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. மதுவையும் அதே தராசில் நிறுத்துங்கள் என்கிறேன். எங்கள் ஊர் டென்னிஸ் பால் டீமில் ஒரு பையன் கஞ்சா அடித்தான் என்று தெரிந்த அன்றே விரட்டிவிட்டோம். நல்ல லெஃப்ட் ஆர்ம் பவுலர். அப்புறம் அவன் பந்தையே தொடவில்லை. அடுத்த மாதம் ஒரு டோர்னமென்ட் ஜெயித்தோம். கோப்பையிலேயே பீரை ஊற்றி ஆளாளுக்குக் கைமாற்றினோம். ஸ்கோர் எழுதுகிற பையன் பத்தாவது படிக்கிறான். அவனிடமும் கோப்பை போனது. "ஒரு வாய்தான்டா, ஒன்னும் ஆகாது" என்றார் கேப்டன். அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தடுக்கவில்லை.