ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நிற்கும் ரூபிக்ஸ் கியூப்

அந்த மூலையை எந்தச் சூத்திரத்தாலும் (அடுக்குகளைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் முறை) சரிசெய்ய முடியாது, கையால்தான் திருப்ப வேண்டும். மற்ற எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒரு மூலைத் துண்டு மட்டும் அதன் இடத்திலேயே நிறம் மாறி நிற்கிறது, மூன்று நாளாகப் போராடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முறையாகத் திருப்பிக்கொண்டே போனால் அந்த நிலை வரவே வராது, அதனால் தப்பு உங்கள் மேல் இல்லை.

எட்டு மூலைகளும் கடிகாரத் திசையில் எத்தனை மூன்றிலொரு பங்கு சுற்று திரும்பியிருக்கின்றன என்று கூட்டினால், அந்தத் தொகை எப்போதும் மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். ஒற்றை மூலை மட்டும் திரும்பியிருந்தால் வகுபடாது. அநேகமாகக் கீழே விழுந்தபோதோ, வேகமாகச் சுற்றும்போது சிக்கியோ அது திரும்பியிருக்கும். யாராவது கழற்றி மாட்டியிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கண்டபடி மாட்டினால் பன்னிரண்டில் ஒரு தடவைதான் தீர்க்கக்கூடிய கியூப் கிடைக்கும்.

1. முதலில் ஆறு பக்கமும் பாருங்கள். இரண்டு மூலைகள் திரும்பியிருந்தால் அது சாதாரண நிலையாக இருக்கலாம், சூத்திரமே போதும்.
2. நிஜமாகவே ஒன்றுதான் என்றால், மேல் அடுக்கைப் பாதி வழியில் (45 டிகிரி) திருப்பி வைத்துக்கொண்டு, அந்த மூலையை மட்டும் விரலால் அழுத்தித் திருப்புங்கள்.

பழைய, இறுக்கமான கியூபில் பலத்தைக் காட்டாதீர்கள், உள்ளே இருக்கும் கால் ஒடிந்துவிடும். அதில் ஒரு விளிம்புத் துண்டைக் கழற்றிவிட்டு மூலையை எடுத்துச் சரியாகத் திருப்பி மாட்டுவதுதான் நல்லது.